மாதா படம் ஒட்டிய கேன்

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த ஜெனிபர், முதல் குழந்தையை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இழந்தவள். இரத்த அழுத்தமே காரணம் என்றார்கள். மறுபடி கருவுற்றதும், வளைகாப்பு வரை காத்திராமல், தாய் ரோஸ்மேரி அவளைச் செஞ்சிக்கே அழைத்து வந்துவிட்டாள்.

செஞ்சி வீட்டில் உப்பு ஜாடி பரணுக்கு ஏறியது. கருவாடும் ஊறுகாயும் வாசற்படி தாண்டவில்லை. மகளோடு ரோஸ்மேரியும் உப்பில்லாக் குழம்பையே உண்டாள். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று.

"உப்புத் தண்ணியா குடிக்கிற?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர், நல்ல தண்ணிதான்."

ஜெனிபர் பொய் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவள் கணவன் வின்சென்ட் திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்து வருவான். கையில் மாதா படம் ஒட்டிய கேன் இருக்கும். அதைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வம்பிழுப்பான்.

"கோட்ட இருக்குது, மல இருக்குது. உங்க ஊர் தண்ணிக்குத்தான் ருசியே இல்ல அத்த."

"ருசி வேணும்னா மோர் குடிங்க மாப்ள. மீன் நாத்தத்துலயே பொறந்தவருக்கு எங்க ஊரு எப்படிப் புடிக்கும்?"

ஜெனிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கேனில் இருப்பது மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தம் என்று ரோஸ்மேரி நம்பினாள். தினமும் அதில் விரல் நனைத்து மகளின் வயிற்றில் சிலுவை வரைந்தாள். "குடிம்மா, நல்லாக் குடி" என்று தன் கையாலேயே டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். புனிதமானதாயிற்றே என்று தான் மட்டும் ஒரு வாய் குடித்ததில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு நண்பகல், ஜெனிபருக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் கிடந்த ரோஸ்மேரியிடம் வின்சென்ட் ஓடி வந்தான். கையில் அதேபோல் மாதா படம் ஒட்டிய கேன். அழுதழுது அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"அந்தத் தீர்த்தத்த ஒரு வாய் குடுங்க மாப்ள."

வாயில் வைத்தவள் துப்பினாள்.

"இன்னா இது? கரிக்குது!"

"எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி அத்த. செஞ்சித் தண்ணி சப்புன்னு இருக்குது, எறங்கலன்னு ஜெனிதான் கேட்டா."

"தீர்த்தம் இல்லியா?"

"தீர்த்தமா? கேன்தான் திருவிழாவுல வாங்கனது."

"உப்பு, மாப்ள... அவ்ளோவும் உப்பு."

வின்சென்ட் கேனை வாங்கிக் குடித்தான். நாக்கில் நிறுத்திப் பார்த்தான்; மறுபடியும் குடித்தான். அழுது சிவந்த அவன் கண்களில் குழப்பம் மட்டுமே இருந்தது.

"உப்பு எங்க அத்த இருக்குது? நல்லாத்தான இருக்குது."

உள்ளிருந்து ஜெனிபரின் ஈனக்குரல் தண்ணீர் கேட்டது. வின்சென்ட் கேனோடு வார்டுக்குள் போகத் திரும்பினான். ரோஸ்மேரி அவன் மணிக்கட்டைப் பற்றினாள். இத்தனை நாளும் மகளுக்கு ஊற்றிக் கொடுத்த அவளுடைய கை அது. ஏன் தடுக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.