சேற்றில் விழுந்தவளுக்கு ஒரு துண்டு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. அந்தச் சிரிப்பு என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வாரம் வீட்டில் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம். உங்களுக்கும் பழக்கமான வகைதான். நகரத்துக் குடும்பம் ஒன்று நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று கிராமப்புறத்துக்குக் காரில் கிளம்பும். நடுவழியில் கார் நிற்கும். வரைபடத்தை ஆடு தின்னும். மாப்பிள்ளையைச் சேவல் துரத்தும். கடைசியில் யாராவது சேற்றில் விழுந்தாக வேண்டும். இந்தப் படத்தில் விழுந்தவர் மாமியார். நான் கண்ணில் நீர் முட்டச் சிரித்தேன்.

மாலையில் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் மாமியார் வந்து நிற்கிறார், அதே சேற்றோடு. படத்தில் ஒருவர்கூட அவருக்குத் துண்டு கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே ஒரு துண்டு கொடுப்பதற்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன். வேறு பெரிய நோக்கம் எதுவும் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பசேலென்ற வயல்களின் நடுவே, சூரியன் தன் பொற்கதிர்களை'

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை பிறகு இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'அவர் ஒரு சத்தக்காரர்.'

இது பரவாயில்லை. படங்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பது அவர் தொழில். மூடிய அறையில் தோல் கையுறையை உதறினால் சேவல் பறக்கும். ஊறவைத்த செய்தித்தாளைத் தொட்டியில் போட்டு மிதித்தால் சேறு. கிராமப்புறத்துக்கு ஓய்வெடுக்கப் போகிற படங்கள் பதினான்குக்குச் சத்தம் செய்திருக்கிறார். கிராமப்புறத்தை மட்டும் பார்த்ததில்லை.

அவர் மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். பகலெல்லாம் ஊராரிடம் "வாயை நல்லாத் திறங்க" என்பாள். வீட்டுக்கு வந்தால் கணவர், "உஷ்! மைக் ஓடுது" என்பார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

"மூணு நாள் எங்கயாவது போவோம்," என்றாள் ஒருநாள். "மைக் வேண்டாம். நான் பேசணும், நீங்க கேக்கணும். அவ்வளவுதான்."

"சரிம்மா. சத்தியமா."

"அங்கயும் மைக் வந்துச்சுன்னா நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

(இங்கே ஓரமாக ஒரு வார்த்தை. சத்தக்காரரை நல்லவராக எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் கிளம்பும்போது அவருடைய சட்டைப் பை புடைத்திருக்கிறது. நான் எதுவும் வைக்கவில்லை. டைரக்டர் அவரிடம், "அடுத்த படத்துக்கு நிஜச் சேறு வேணும்ணே" என்று சொல்லியிருந்தாராம்.)

3

பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கார் வழியில் நிற்கவில்லை. ஆட்டிடம் வரைபடத்தை நீட்டியே பார்த்தேன், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலை வரப்பில் அவள் முன்னே நடந்தாள், அவர் பின்னே. அவள் பேசிக்கொண்டே போனாள். அக்காவின் முட்டிவலியில் தொடங்கி எங்கெங்கோ சுற்றி, பேச்சில் தன் பல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவர் ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டபடி 'உம்' போட்டார்.

"அந்தத் தபால்காரர் புதுப் பல்செட்டு போட்டதும் கண்ணாடியில சிரிச்சுப் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி... என்னங்க, கேக்குறீங்களா?" என்று திரும்பினாள். கால் வழுக்கியது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. 'தொப்' இல்லை. 'சொத்' கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. முதலில் ஈரமான ஓர் அறை. பிறகு பூமி பாயசம் உறிஞ்சுவது போல

(பாயசத்தை அடித்துவிடுங்கள்.)

பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல். கடைசியில், மறந்துபோய்த் திரும்பி வந்ததுபோல, ஒரே ஒரு குமிழி. பதினான்கு படங்களில் எந்தச் செய்தித்தாளும் தராத சத்தம்.

சத்தக்காரர் பையிலிருந்து ரெக்கார்டரை உருவினார். "அடடா, அருமை! இன்னொரு தடவை விழுறியா? இப்ப நீ பேசிட்டே விழுந்துட்ட."

அவள் சேற்றில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வாயைத் திறந்தேன். அதுவும் உங்களுக்கு இடைஞ்சலா?"

"இல்லம்மா, குரல் கலந்துடுச்சு, அதான்..."

"பஸ் எத்தனை மணிக்கு?"

4

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். "இன்னொரு தடவை விழுறியா" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ இன்னும் சேத்துலதான் உக்காந்திருக்காளா?"

"ஆமா."

"துண்டு எங்க?"

நான் தாள்களைப் புரட்டித் தேடினேன்.

"துண்டு குடுக்கத்தான் கதைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? விழுந்த சத்தத்துக்கு ஒரு நாள் உக்காந்தீங்க. துண்டுக்கு ஒரு வரி இல்லையே!"

சத்தக்காரர் கையில் ரெக்கார்டர், என் கையில் பேனா. வேறென்ன வித்தியாசம்?

"மன்னிச்சுக்கம்மா," என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அவகிட்டப் போங்க."

5

போகிறேன்.

பண்ணை வீட்டுக்காரம்மா தோளில் துண்டோடு வருகிறார். "எழுந்திருங்கம்மா. இதே இடத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை நான் விழுறேன். வெந்நீர் போட்டிருக்கேன்," என்கிறார். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, துண்டைச் சத்தக்காரரிடம் நீட்டுகிறார்.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே சார். பிடிங்க. முதுகுக்கு அவங்க கை எட்டுமா?"

துண்டைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். அவர் ரெக்கார்டரை வரப்பில் வைக்கிறார். அதன் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது.

முதுகைத் துடைக்கிறார். முழங்கையைத் துடைக்கிறார். காதுக்கு வந்ததும் துண்டின் நுனியைத் திரியாகத் திரித்து, உயிருள்ள ஒன்றைத் தொடுவதுபோல் துடைக்கிறார். காதின் அருமை தெரிந்தவர் அல்லவா?

"தப்புதான். சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன்," என்கிறார். "நீ சொல்லிட்டிருந்தது பாதியில நின்னுடுச்சு. மிச்சத்தையும் சொல்லு."

அவள் துண்டை வாங்கிக்கொள்கிறாள். அக்கா ஊருக்கு பஸ் நான்கு மணிக்கு. அதை அவள் மறக்கவில்லை.

"எந்த இடத்துல விட்டேன்? சொல்லுங்க பாப்போம்."

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அவர் சரியாகச் சொல்கிறார். இரண்டு: அவர் கண் வரப்பில் இருக்கும் ரெக்கார்டர் பக்கம் போகிறது, அதை அவள் பார்த்துவிடுகிறாள். மூன்று: கடவுள் புண்ணியத்தில்

மூன்றையும் அடித்துவிட்டேன். சேற்றுச் சத்தத்தில் மயங்கித் துண்டை மறந்தவனுக்கு முடிவு சொல்லும் தகுதி இல்லை. தவிர, அவள் சொல்ல வந்ததன் மிச்சம் எனக்கும் தெரியாது. விட்ட இடத்தைச் சொல்பவரிடம்தான் அவள் சொல்வாள்.

நீங்களும் வரப்பில் அவள் பின்னாலேயே வந்தீர்கள். பக்கத்தைப் புரட்டாமல் சொல்லுங்கள்: விழுவதற்கு முன் அவள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்?

நினைவிருந்தால் சத்தக்காரர் காதில் போடுங்கள். இல்லாவிட்டாலும் புரட்ட வேண்டாம், அது ரெக்கார்டரை எடுப்பது போலத்தான். "மறந்துபோச்சு, முதல்லேருந்து சொல்லும்மா" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

துண்டை அலசிக் கொடியில் போட்டாயிற்று. வெயில் இப்போதுதான் அதன் மேல் விழுகிறது. காய்வதற்கு நேரமாகும்.