இரண்டாம் பாகத்தில் மோகன்

படைவீரர்கள் ஆயிரம் பேர் திரையில் நடந்து வந்தார்கள். ஆயிரம் பேருக்கும் இடது கால் சற்றுத் தாமதமாகத் தரையைத் தொட்டது.

"நொண்டுது," என்றார் மேலதிகாரி நரசிம்மன். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வைரஸ் படைம்மா இது. வைரஸுக்குக் கால்ல அடிபடுமா?"

சஹானா காட்சியை நிறுத்தினாள். அது மோகனின் நடை. அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாவலூரில், சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்த இடத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்த கிராபிக்ஸ் நிறுவனம். 2003இல் படத்தின் முதல் பாகத்துக்கு அசைவுகளைப் பதிவு செய்த அன்று, வரவேண்டிய சண்டைக் கலைஞர் வரவில்லை. வாடகை கேமராக்களை மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். எலக்ட்ரீஷியன் மோகன் அப்போது ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கறுப்பு உடையை மாட்டி அவரை நிற்கவைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த சஹானா அவருடைய மூட்டுகளில் வெள்ளைப் பந்துகளை ஒட்டினாள். அந்த கேமராக்கள் முகத்தை எடுப்பதில்லை. பந்துகளின் அசைவை மட்டும் எடுக்கும்.

மோகன் நடந்தார், ஓடினார், மெத்தையில் நாற்பது முறை விழுந்தார். சிறு வயதில் டிராக்டரிலிருந்து விழுந்ததில் அவருக்கு இடது கால் குட்டை. முதல் பாகத்தில் அந்த அசைவுகள் தூரத்தில் நடக்கும் இரண்டு காவலர்களுக்குப் பயன்பட்டன. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கேளம்பாக்கம் அருகே தண்ணீர் லாரி இடித்து மோகன் இறந்தார். நிறுவனம் அவர் மனைவி பூங்கொடிக்கு வேலை கொடுத்தது. தரை துடைக்க வேண்டும், டீ கொடுக்க வேண்டும்.

இப்போது 2007. இரண்டாம் பாகம். கதை முழுக்கக் கணினிக்குள் நடக்கிறது. புதிதாகப் பதிவு செய்ய அவகாசமில்லை. பழைய அசைவுகளை எடுத்து ஆயிரம் உருவங்களுக்கும் பொருத்தினார்கள்.

"நேராக்கிடு," என்றார் நரசிம்மன்.

"வேணாம் சார். ஆயிரம் பேரும் ஒரே கால்ல நொண்டறதுதான் பயமா இருக்கு. நேரா நடந்தா சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி ஆயிடும்."

அவர் மறுபடி போடச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயமாத்தான் இருக்கு."

மறுநாள் இயக்குநர் வந்து பார்த்தார். இதையே டிரெய்லரில் முதலில் வைக்கலாம் என்றார். காட்சி சனிக்கிழமை பிரசாத் லேபுக்குப் போகும் என்று முடிவானது.

சஹானா இதையெல்லாம் பூங்கொடிக்காகச் செய்தாள். அவளிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுக் காட்ட வேண்டும் என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனார்கள்.

"அக்கா, இங்க வாங்க."

"இன்னா, டீய கொட்டிட்டியா?"

"இல்லக்கா. இதப் பாருங்க."

பூங்கொடி துடைப்பானைப் பிடித்தபடி வந்து நின்றாள். "இன்னாது, ரோபோவா?" என்றாள். படை திரையின் ஓரம் வரை வந்து நின்றது.

"எங்கூட்டுக்காரரு," என்றாள்.

"ஆமாக்கா."

"அத்தினி பேருமா?"

"அத்தினி பேரும்."

பூங்கொடி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து சஹானா பார்த்ததில்லை.

"தெரு முனைல காலு சத்தம் கேட்டாலே தோசக்கல்ல அடுப்புல வெச்சிடுவேன். இன்னொரு வாட்டி போடு."

சஹானா நான்கு முறை போட்டாள். ஐந்தாம் முறை நிறுத்த மறந்துவிட்டாள். அடுத்த காட்சி தானாக ஓடியது. கதாநாயகன் கையை உயர்த்தினான். வெளிச்சம் பரவியது. வரிசை வரிசையாகப் படை விழுந்தது. எல்லோரும் வலது கையை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் சரிந்து, தூளானார்கள்.

அந்த விழுதலும் மோகனுடையது. சஹானா அதை யோசித்திருக்கவில்லை.

"ஏன் வுழறாங்கோ?"

"ஹீரோ அழிச்சிடறான்கா. கதை அப்படி."

"எல்லாரையுமா?"

"ம்."

"கைய ஊனிக்கினுதான் ரோட்லயும் கெடந்தாரு. நான் போய்ப் பாக்கச்சொல்ல அப்டியேதான் கெடந்தாரு." பூங்கொடி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது வோணாம். மாத்திடு."

"டைரக்டருக்குப் பிடிச்சுப்போச்சுக்கா. சார் நேராக்கத்தான் சொன்னாரு. நான்தான் சண்டை போட்டு வச்சேன். உங்களுக்காக."

"உன்ன நான் கேட்டனா?"

சஹானா இடது முழங்காலின் அசைவைத் திறந்தாள். தாமதத்தை எடுத்தாள். இடுப்பின் சாய்வைச் சரிசெய்தாள். விழுவதற்கு, நிறுவனம் வாங்கி வைத்திருந்த தொகுப்பிலிருந்து வேறு யாருடைய அசைவையோ பொருத்தினாள். இருபது நிமிடம் ஆனது. படை நேராக நடந்தது.

"இப்ப சரியாக்கா?"

"இவுங்க யாரோ." பூங்கொடி தலையாட்டினாள். "சாரு கேட்டா?"

"கேப்பாரு. பழச திருப்பிப் போடச் சொல்லுவாரு."

"பழசு எங்க கீது?"

"சர்வர்ல."

"அதையும் எடுத்துடு."

"அக்கா, அது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவரு நடந்தது எங்கயுமே இருக்காது. சிடில போட்டுத் தரேன், நீங்க வச்சுக்குங்க."

"கம்ப்யூட்டரு வச்சினு கீறனா நானு? சிடிக்கு மாலையா போட முடியும்?" பூங்கொடி குரலைத் தாழ்த்தினாள். "இது நல்லா ஓடுச்சின்னா மூணாவதும் எடுப்பாங்க இல்ல?"

"எடுப்பாங்க."

"அதுலயும் அவரு சாவணும்."

சஹானா சர்வரைத் திறந்தாள். தேதியிட்ட கோப்புறை இருந்தது. நடை பன்னிரண்டு, ஓட்டம் ஆறு, விழுதல் நாற்பது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது.

"இன்னா கேக்குது?"

"நிஜமா அழிக்கவான்னு."

"எத்தினி வாட்டி கேக்கும்?"

"ஒரு வாட்டிதான்."

சஹானாவின் விரல் நகரவில்லை. வெளியே லிஃப்ட் வந்து நின்றது. பேச்சுக்குரல்கள் கேட்டன.

"தள்ளு," என்றாள் பூங்கொடி. "எந்த பட்டன்னு சொல்லு."

சஹானா காட்டினாள். பூங்கொடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நிரம்பியது. கோப்புறை காலியானது.

கதவைத் தள்ளிக்கொண்டு நரசிம்மன் வந்தார். நாற்காலியில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பூங்கொடி, படம் பாக்கறியா?"

"பாத்தாச்சி சார்," என்று பூங்கொடி எழுந்தாள்.