நீள விசில்

வைகாசி வெயில் காந்தி ரோட்டுத் தாரை இளக்கியிருந்தது. செருப்பை ஒரு நிமிஷம் கழற்றி வைத்தால் அது ரோட்டுக்கே சொந்தமாகிவிடும். பஞ்சாட்சரத்தின் பட்டுக்கடை வாசலில் செக்யூரிட்டி முனுசாமி ஒரு சுற்றுலா வேனைப் பின்பக்கமாக வரவழைத்துக்கொண்டிருந்தான். விசில் கழுத்தில் தொங்கியது, வாயில் இல்லை. இடது கையை ஆட்டி, வலது கையால் வேனின் முதுகைத் தட்டித் தட்டி, கைக்குழந்தையைத் தூங்கவைப்பது போல அதை இரண்டு கார்களுக்கு நடுவே படுக்கவைத்தான்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் பாலாஜி வந்தான். அவனோடு கடைக்குள்ளிருந்த குளிர் காற்றும் கொஞ்சம் எட்டிப் பார்த்து, வெயிலைக் கண்டு பயந்து உள்ளே ஓடிவிட்டது.

"முனுசாமி, விசில் எங்க?"

"கழுத்துல இருக்குது சார்."

"அது இன்னா தாலியா? ஊதறதுக்குதானே குடுத்திருக்குது. யாருக்கு லைட் போடறது, யாருக்குப் போட வேணாம்னு உள்ள நாங்க சோழி உருட்டியா பாக்கறது?"

அந்தக் கடை விசிலால் நடந்தது. ஒரு நீள விசில் என்றால் கல்யாண கோஷ்டி. மாடியிலுள்ள அத்தனை விளக்குகளும் எரியும், ஏசி உறுமும், ரோஸ் மில்க் புறப்படும், வாய் காது வரை போகச் சிரித்துக்கொண்டு ஆட்கள் படிக்கட்டில் வரிசை கட்டுவார்கள். இரண்டு குட்டை விசில் என்றால் கோயில் பார்த்துவிட்டு அப்படியே நுழைகிறவர்கள். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் துண்டு, கைப்பை, ஒரு டம்ளர் தண்ணீர். விசிலே இல்லை என்றால் பாத்ரூம் கேட்டு வருகிறவர்கள். ரிப்பேர் என்று கதவிலேயே சொல்லி அனுப்பிவிட வேண்டும். கடை திறந்த நாளிலிருந்து அந்த பாத்ரூம் ரிப்பேர்தான்.

போன வருஷம் முனுசாமியின் மண்டையைத் திறந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தது சென்னையில். கட்டி காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள், அதைப் பார்க்காதவர்களின் வாயிலேயே வளர்ந்து தேங்காய் அளவுக்கு ஆகியிருந்தது. அப்புறம் அது மறுபடி முளைக்காமலிருக்கத் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. தலைவலி மட்டும் தங்கிவிட்டது. "சில பேருக்கு இது இருக்கும்பா. மாத்திரைய விட்டுடாத. வெயிலும் சத்தமும் வேணாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். முனுசாமியின் வேலையில் வெயிலையும் சத்தத்தையும் தவிர மூன்றாவதாக ஒன்று கிடையாது.

கன்னத்தை உப்பி ஊதினால் பாதிக் காற்றுதான் விசிலுக்குள் போகும். மீதி, வலது காதுக்கு மேலே லாடம் போல வளைந்திருந்த தழும்புக்குள் ஏறும். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவார்களே, அந்தக் கட்டை படும் பாடு. கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சிகள் பறக்கும், வாயில் புளித்த நீர் ஊறும். தேர் அப்புறம் நகராது. பொழுது சாயும் வரை மண்டை மேலேயே நிற்கும்.

அந்த மண்டைக்கு நேர் மேலே, கடை முகப்பு பேனரில், முனுசாமியே தென்னை மர உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பஞ்சாட்சரம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். 'நோயை வென்றார் எங்கள் முனுசாமி! ஊழியரைக் குடும்பமாய்க் காக்கும் ஒரே கடை!' பட்டுக்கடைக்காரர் போர்த்திய அந்தப் பொன்னாடையில் பட்டு என்று ஒரு இழைகூட இல்லை. அவன் பெண்சாதி வடிவு அதை அன்றைக்கே விரலால் உரசிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவள் அதே கடையின் மாடியில், பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து வைப்பவள். நீள விசில் கேட்டால் மாடி விளக்குகளைப் போடுவதும் அவள் வேலை.

மத்தியானம் இருவரும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முனுசாமி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"கோடவுன்ல குப்புசாமி அண்ணன் இருந்த எடம் காலியா கெடக்குது. நல்ல இருட்டு. எலி நடந்தாதான் சத்தம். போய்க் கேளுய்யா" என்றாள் வடிவு.

"கேட்டு, வேலையே வேணாம் போன்னுட்டா?"

"சொல்லட்டும்."

"ஈஎஸ்ஐ கார்டும் கூடவே போயிடும்டி. அடுத்த ஸ்கேன உங்கப்பனா எடுப்பான்?"

"எங்கப்பன் எடுத்தா உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லிடுவான். அவனுக்கு அது கல்யாணத்தன்னிக்கே தெரியும்."

முனுசாமி சிரித்தான். சிரித்ததும் வலித்தது. ஒரு கையால் தழும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோற்றை மூடி வைத்தான். வடிவு சாப்பாட்டு டப்பாவை அடைத்த அடியில் படிக்கட்டே ஆடியது.

"எழுந்திரு. நானும் வரேன்."

பஞ்சாட்சரம் கல்லாவில் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. அந்த நெற்றி வியர்த்து யாரும் பார்த்ததில்லை. முனுசாமி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"கட்டிய எடுத்தாச்சு. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு நீதான் லட்டு குடுத்தே. நானும் ரெண்டு துன்னேன். அப்புறம் வலி எங்கேருந்துபா வரும்?"

முனுசாமி தரையைப் பார்த்தான். வடிவு பார்க்கவில்லை.

"குடித்தனக்காரன் காலி பண்ணிக்கினு போயிட்டா, செவுத்துல அவன் அடிச்ச ஆணி ஓட்டை இருக்காதா மொதலாளி?"

"நீ மாடி ஆளு. உன்ன யாரு கேட்டது?" என்றார் பஞ்சாட்சரம். பிறகு முனுசாமி பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "கோடவுன்ல போய் ஒக்காந்தா உன்ன யாருபா பாப்பாங்க? அவ்ளோ பெருசா மாட்டி வெச்சிருக்கறேன். வர்றவன் மேல பாக்கறான், கீழ பாக்கறான், ரெண்டும் ஒரே மூஞ்சி. அவனுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? போ, போய் நில்லு."

முகூர்த்த நாள் நெருங்கியதும் ரோட்டில் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக வந்தன. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பழைய டெம்போ வந்து நின்றது. புழுதிக் காலோடு ஒரு பெரியவர் இறங்கினார். பின்னாலேயே அரை ஊர் இறங்கியது. கல்யாணப் பெண்ணைப் பெற்றவள் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி கடைசியாக இறங்கினாள்.

முனுசாமி விசிலை உதட்டில் வைத்தான். காலையிலிருந்தே மண்டை மேல் நின்ற தேர் நகரவில்லை. கன்னத்தை உப்பியதும் ரோடு ஒரு பக்கம் சாய்ந்தது. ஊதாமலே விசிலை விட்டுவிட்டு, தூணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். வந்தவர்களுக்குக் கையால் கதவைக் காட்டினான்.

உள்ளே விசில் கேட்கவில்லை. பாலாஜி புழுதிக் கால்களைப் பார்த்தான்.

"பாத்ரூம் ரிப்பேர்ங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடுங்க."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கூறப்பொடவ எடுக்க வந்தோம் தம்பி. உங்க ஊர்ல அத பாத்ரூம்லயா விக்கறாங்க?" தோள் துண்டை உதறிக்கொண்டு திரும்பி நடந்தார். அரை ஊரும் ரோட்டைக் கடந்தது. எதிர்க்கடை வாசலில் நின்றவன் கன்னம் வெடிக்க ஒரு நீள விசில் அடித்தான். அந்தக் கடையின் மாடி தீபாவளியாக எரிந்தது.

பஞ்சாட்சரம் வாசலுக்கே வந்துவிட்டார். "ஒரு ஊது ஊதறதுக்கு நோவுதா உனக்கு? விசில கழட்டி வெச்சிட்டுக் கெளம்பு. நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

மாடியிலிருந்து வடிவு பாதி மடித்த புடவையோடு இறங்கி வந்தாள். சத்தம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"இந்தாளு ஊதலன்னா உங்காளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கூறப்பொடவைக்கு வந்தவன கக்கூசுக்கு வந்தவன்னு சொன்னது யாரு, என் புருசனா? வெயில்ல நிக்காதன்னு டாக்டரு சொன்னாரு, வெயில்லயே நிக்க வெச்சீங்க. சத்தம் வேணாம்னாரு, வாயிலயே கட்டி வுட்டீங்க. வென்றாராமே, எத வென்றாரு? ஏணி எடுத்துக்கினு வாங்க பாலாஜி சார். அந்த பேனர கழட்டுங்க. தொரத்தி வுட்டோம்னு எழுதி மாட்டுங்க, நானே ஏணிய புடிச்சிக்கினு நிக்கறேன்."

ரோடு நின்றது. எதிர்க்கடைக்குப் போன அரை ஊரும் ரோஸ் மில்க் டம்ளரோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன.

செல்போன்களைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்தின் முகம் மயில்கழுத்துப் புடவை போலாயிற்று. இந்தப் பக்கம் கோபம், லேசாகத் திருப்பினால் அந்தப் பக்கம் அன்பு. முனுசாமியின் தோளில் கை போட்டார்.

"யாரும்மா தொரத்தினது? நம்ம வூட்டுப் புள்ள இவன். ஊத முடியலன்னா ஊத வேணாம். நாளைக்குக் காலைல பாரு, நான் ஏற்பாடு பண்றேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் வடிவு கால் கிலோ ஜாங்கிரி வாங்கினாள். "கோடவுன்ல கொசு இருக்கும். சுருள் ஒண்ணு எடுத்துக்கினு போ" என்றாள்.

மறுநாள் காலையில் வாசல் தூணில் ஏணி சார்த்தியிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒரு மணியை முடுக்கிக்கொண்டிருந்தான். ஏதோ மூடிப்போன மில்லில் ஷிப்டுக்கு அடித்த மணியாம்; தவலையைக் கவிழ்த்தது போல இருந்தது. அது அடித்தால் சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் குளத்து மீன் திரும்பிப் பார்க்கும். மணிக்கு நேர் கீழே ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி.

"மேல ஏன் சார்? அந்தக் கோடியில வெக்கலாமே" என்றான் முனுசாமி.

"வயர் அவ்ளோதான் எட்டுது" என்றான் பாலாஜி. சுவிட்சை அவன் கையில் கொடுத்தான். "கல்யாணப் பார்ட்டின்னா நல்லா நீளமா அமுக்கு. கோயில் பார்ட்டின்னா ரெண்டு தபா. ஈஸி. ஊதவே வேணாம். மொதலாளி உனக்காக நாற்காலி கூட வாங்கியிருக்காரு, பாத்தியா?"

முதல் கார் வந்தது. முன் சீட்டில் சந்தனப் பொட்டோடு ஒருவர். பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். முனுசாமி எழுந்து சுவிட்சை அழுத்தினான். அழுத்திப் பிடித்தான்.

மணி அடித்தபோது அவனுடைய வலது கை தானாக எழுந்து நெற்றியைப் பிடித்தது. கண்கள் இறுகின. முதுகு விறைத்து நிமிர்ந்தது. உள்ளங்கை தழும்புக்கும் புருவத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

சந்தனப் பொட்டுக்காரர் இறங்கினார். பேனரைப் பார்த்தார், கீழே பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பதிலுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சாட்சரம் பூரித்துப் போனார். "பாத்தியா பாலாஜி, இந்த மரியாத எந்தக் கடையில இருக்குது? வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் இப்படியே சல்யூட் வெக்கச் சொல்லு."

மாடியில் வடிவு சுவிட்ச் பலகை முன்னால் நின்றிருந்தாள். நீள மணி அவள் காலடித் தரையை அதிரவைத்தது. விரல் சுவிட்சுக்கு முன்னால் நின்றது.

"வடிவக்கா, லைட்டு" என்று படிக்கட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். "பார்ட்டி ஏறிக்கினு வர்றாங்க."

அவள் போட்டாள். விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்தன. ஜன்னலுக்கு வெளியே பேனரின் முதுகு காற்றில் உப்பியது. அதன் ஓரத்து இடுக்கு வழியாக வாசல் தெரிந்தது. அடுத்த கார் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. முனுசாமி இன்னும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. கார் ஜன்னலில் ஒரு குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்து, தன் குட்டிக் கையை நெற்றியில் வைத்தது.