மாவிஸ் சொல்லாத ஸாரி

கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் ஸாரி சொல்கிறவள் என் மனைவி மாவிஸ். பேருந்தில் எவனாவது அவள் காலை மிதித்தாலும் அவள்தான் ஸாரி சொல்வாள். 'காலை எடுடா தடியா' என்று அதற்கு அர்த்தம். இறைச்சிக்கடை வரிசையில் சொன்னால், 'எனக்கு முன்னால் நுழையாதே.' போதகர் பேசும்போது சொன்னால், 'காதில் விழவில்லை.' அதையே கொஞ்சம் இழுத்துச் சொன்னால், 'விழுந்தது, ஒப்புக்கொள்ள மாட்டேன்.' பக்கத்து வீட்டு நாய் செத்த அன்று வேலிக்கு மேலாக அவள் சொன்ன ஸாரியில் மட்டும் கண்ணீர் இருந்தது. யார்க்‌ஷயரில் எங்கள் பள்ளத்தாக்கில் இவ்வளவும் ஒரே காலைக்குள் செலவாகிவிடும்.

அவளுடைய பழைய தோழி டோரீனுக்குச் சேர வேண்டிய ஒன்றுதான் போன வசந்தத்திலிருந்து வெளியே வரவில்லை.

இருவரும் ஒரே கம்பளி ஆலையில் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியதால், சர்ச்சில் பாட்டு நடக்கும்போதும் ஊர்க்கதை பேசிக்கொள்வார்கள். டேபிள் டென்னிஸில் மட்டும் எதிரெதிர் அணி. எங்கள் சர்ச் கூடத்தில் நடுவர் கிடையாது. பந்து மேசை விளிம்பை உரசினால் புள்ளி அடித்தவருக்கு; உரசியதா இல்லையா என்பதை அந்தப் பக்கம் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதே முடிவு. போன வசந்தத்தில் மாவிஸ் அடித்த கடைசிப் பந்தை டோரீன் "வெளியே" என்றாள். சாண்ட்விச் தட்டோடு நின்ற அத்தனை பேர் முன்னால் மாவிஸ், "உன் கண்ணுக்கு உனக்கு வேண்டியதுதானே தெரியும்!" என்றாள். டோரீன் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு போனவள்தான். அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷ ஆட்டத்துக்குக் கிளம்பும்போது தொப்பியைத் தேடிக்கொண்டே மாவிஸ் சொன்னாள். "டோரீன் இன்னையோட விளையாட்ட விடப் போறாளாம். கேட்டியா நார்மன்?"

"கேட்டேன். ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கிட்டு எப்படி மேசைகிட்ட நிக்கிறதுன்னு கேட்டாளாம்."

"நான் அந்த வார்த்தைய சொல்லவே இல்ல."

"அதைவிட நீளமா சொன்ன. போய் ஒரு ஸாரி சொல்லேன், கண்ணு. கதவுக்கெல்லாம் சொல்றியே."

"கதவு மூஞ்சியத் திருப்பிக்காதுல்ல" என்றாள். தொப்பி அவள் தலையில்தான் இருந்தது.

நான் மேசையருகே உட்கார்ந்து புள்ளி சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆடினார்கள். பந்து மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தது, கோபித்துக்கொண்ட வீட்டில் சேதி சொல்லப் போகும் குழந்தைபோல. இருபது, பத்தொன்பது. டோரீன் முன்னால். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவள் ஜெயித்துவிடுவாள், விளையாட்டையும் விட்டுவிடுவாள்.

மாவிஸ் ஓங்கி அடித்தாள். பந்து நீளமாகப் போய்த் தரையில் விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. யாரோ கைதட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

"ஆட்டம் டோரீ..."

"இரு நார்மன்" என்றாள் டோரீன். "பட்டுச்சு. மேல் விளிம்புல. புள்ளி அவளுக்கு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?" என்றேன்.

"உனக்கு என்னைக்குக் காது கேட்டுச்சு?"

இருபதுக்கு இருபது. இனி இரண்டு புள்ளி முன்னால் போகிறவருக்கே ஆட்டம். விளிம்பில் பட்டுக் கிடைத்த புள்ளிக்குக் கையைத் தூக்கி ஸாரி சொல்வது வழக்கம். 'அதிர்ஷ்டம் என் பக்கம், எனக்கு ரொம்ப சந்தோஷம்' என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாவிஸ் சொல்லவில்லை. கை பாதி உயர்ந்து அங்கேயே நின்றது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த திருமதி ஆக்ராய்ட் கெண்டியை நிமிர்த்திவிட்டுப் பார்த்தாள்.

மாவிஸ் மட்டையை மேசைமேல் வைத்தாள். ஆட்டத்தின் நடுவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. என் நாற்காலியைத் தாண்டி, வலையைத் தாண்டி, டோரீன் நின்ற இடத்துக்கே போனாள். குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தாள். பிறகு தான் இதுவரை நின்ற இடத்தை அங்கிருந்தே பார்த்தாள்.

"அங்கேருந்து இது தெரியவே தெரியாதுடி" என்றாள்.

"தெரியாதுதான்."

"அன்னைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச மாதிரி கத்தினேன். நீ பொய் சொல்றவ இல்லன்னு எனக்குத் தெரியும், அப்பவும் தெரியும். தோத்த எரிச்சல்ல, அத்தனை பேர் முன்னாடி..."

அதற்குமேல் குரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. டோரீன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு இவ்வளவு நாளா?" என்றாள் கடைசியில். "மேசை ஒம்பது அடிதானடி."

"எனக்கு முட்டி வலி."

"உனக்கு நாக்குலதான் வலி. போ, உன் பக்கம் போ. டீ ஆறுது."

மாவிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தாள். அடுத்த புள்ளியை டோரீன் எடுத்தாள். அதற்கடுத்து அவள் அடித்த பந்து வலையின் மேல்நூலில் ஏறி, ஒரு கணம் யோசித்து, மாவிஸ் பக்கமே சொத்தென்று விழுந்தது. இருபத்திரண்டு, இருபது.

"ஸாரி!" என்று கையைத் தூக்கினாள் டோரீன், பல்லெல்லாம் தெரிய.

"மூஞ்சியப் பாரு" என்றாள் மாவிஸ். "அடுத்த வருஷம் வாடி, காட்றேன்."

"வராம இருப்பேனா?" என்றாள் டோரீன்.