முந்திக்கொண்ட டிக்

இரண்டாவது டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இயக்குநர் காலையிலிருந்து எட்டு முறையாவது சொல்லிவிட்டார். நடிகை இரண்டு வருஷமாக வளர்த்த கூந்தலை இன்று கேமரா முன்னால் வெட்டப்போகிறாள். விக் வைத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் கெஞ்சிப் பார்த்தார், அவள் மசியவில்லை. க்ளோஸப்பில் நெற்றியோரம் விக் பல்லை இளிக்கும் என்பது அவள் கட்சி. அதில் நியாயமும் இருந்தது.

படம் நூற்றைம்பது வருஷம் பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றிலிருந்து எடுப்பது. தலையணை உயரப் புத்தகம். உப்பு வியாபாரியின் மனைவி ஒருத்தி, கணவனை ரயிலேற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, தன் கூந்தலை வெட்டி அவன் சாப்பிடும் தட்டில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுகிறாள். ஊரையும் உடுப்பையும் மாற்றினோம், வலியைத் தொடவில்லை என்று இயக்குநர் பேட்டிகளில் சொல்லிக்கொள்வார். பேட்டி கொடுப்பவர் வாயை யார் பிடிக்க முடியும்? ஆனால் மனுஷனுக்கு வேலை தெரியும், அதை மறுப்பதற்கில்லை.

கேமராவுக்குப் பக்கத்தில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவளை யூனிட்டில் எல்லாரும் ‘சாட்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காட்சியை இன்று பாதி, அடுத்த மாதம் மீதி என்று எடுப்பார்கள். அன்றைக்குச் சட்டையில் மேல் பொத்தான் போட்டிருந்ததா, டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, எந்த ஷாட் முடிந்தது, எது பாக்கி, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். இயக்குநர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். சேர்ந்த புதிதில் ‘மச்சினி கோட்டா’ என்று காதுபடவே சிரித்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை, ஒரு தப்புகூட இல்லாமல் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். வீட்டில் மாமா என்று கூப்பிடும் மனிதரை இங்கே ‘சார்’ என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. இப்போதெல்லாம் யாருக்காவது சந்தேகம் வந்தால், ‘சாட்சி சொல்லியாச்சா? அப்ப விடு’ என்று பேச்சு முடிந்துவிடும். சம்பளத்தைவிட அவளுக்கு அந்த ‘அப்ப விடு’தான் பெரிது.

“எவன்யா அது, சுத்தியல் சத்தம் வருது!” என்று இயக்குநர் கத்தினார்.

ஷூட்டிங் நடந்த பழைய நூல் மில்லின் மறுகோடியில் ரயில் நிலைய செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணை இயக்குநர் ஓடிப்போய்த் தச்சர்களை நிறுத்திவிட்டு வந்தார். நடிகை கண்ணாடி முன் உட்கார்ந்தாள். அரை மணி நேரமாக அவள் யாரோடும் பேசவில்லை, தண்ணீர்கூட வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது, விழவில்லை. லைட் பிடிப்பவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“ஆக்‌ஷன்” என்றார் இயக்குநர், கிட்டத்தட்ட ரகசியம் பேசுவது போல.

நடிகை பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். சாட்சியின் கண் தற்செயலாக மறுகோடிக்குப் போனது. தச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பிளாட்பாரத் தூண் ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

அந்தத் தூணோரம் ஒரு க்ளோஸப் உண்டு. ரயில் போனபின், வெட்டாத கூந்தலோடு அந்தப் பெண்ணின் முகம். படமே அந்த முகத்தில்தான் திரும்புகிறது. அதை எடுத்தோமா?

தாள் சத்தம் வராமல் நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தொன்றாம் காட்சி, கடைசி ஷாட். டிக் இருந்தது. பக்கத்தில் எத்தனையாவது டேக் என்ற எண் இல்லை. அன்றைக்கு நாலு முறை ஒத்திகை பார்த்தார்கள். கேமரா தயார் என்றதும், எப்படியும் ஒரே டேக்கில் முடியும் என்று அவள் முந்திக்கொண்டு டிக்கைப் போட்டுவிட்டாள். அடுத்த நொடி விளக்கு ஒன்று வெடித்தது. ஆளாளுக்கு ஓடினார்கள், பிறகு சாப்பாடு, பிறகு வேறு காட்சி. ஒத்திகை பார்த்துப் பார்த்து எல்லார் மனதிலும் எடுத்தது போலவே பதிந்துவிட்டது. சாட்சியின் டிக் இருக்கும்போது யார் திரும்பிக் கேட்கப்போகிறார்கள்?

நடிகை கத்தரிக்கோலை எடுத்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். எடிட்டிங்கில் தெரியவர மூன்று மாதம் ஆகும். அதற்குள் வெடித்த விளக்கின் மேலோ துணை இயக்குநரின் மேலோ பழியைத் தள்ளிவிடலாம். போதாக்குறைக்கு, டேக் நடுவே இயக்குநரைத் தவிர வேறு யார் வாய் திறந்தாலும் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் அவள் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

“மாமா! நிறுத்துங்க!”

கத்தரிக்கோல் அதற்குள் ஒரு கற்றையை வாங்கிவிட்டது. இடது காதோரத்து முடி சரிந்து நடிகையின் மடியில் விழுந்தது. இத்தனை நேரம் தேங்கி நின்ற கண்ணீர் இப்போது யாருக்கும் உபயோகமில்லாமல் வழிந்தது.

யார் அது என்று இயக்குநர் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவரை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மெல்லத் திரும்பினார்.

“சார்... ஸ்டேஷன் க்ளோஸப் இன்னும் எடுக்கல” என்றாள்.

“டிக் இருக்கே. காலையிலதானே பார்த்தேன்.”

“எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. மடியில் கிடந்த கற்றையைப் பார்த்தார், மறுகோடியைப் பார்த்தார். பிறகு தச்சர்களை நோக்கிக் கத்தினார். “யோவ்! அந்தத் தூணை எவனும் தொடக்கூடாது! பிரிச்சதெல்லாம் மறுபடி நிறுத்துங்க!”

நடிகை எழுந்து சாட்சியைக் கடந்து போகும்போது, “மறுபடி என்னால அந்த நெலைக்கு வர முடியுமான்னு தெரியலக்கா” என்றாள். குரலில் கோபமே இல்லை. அறைந்திருந்தால்கூடச் சாட்சிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மணி நேரத்தில் பிளாட்பாரம் திரும்ப எழுந்தது. வெட்டுப்பட்ட இடத்தை மேல்முடியால் மூடி வாரினார்கள். முகத்தை மட்டும் வைத்து எடுத்தால் தெரியாது, படம் பிழைத்துக்கொள்ளும். அந்த நிம்மதியில் சாட்சிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

துணை இயக்குநர் ஸ்டேஷன் காட்சியில் நடிகை போட்டிருந்த சால்வையோடு சாட்சியிடம் வந்தார். “இதுக்கு முந்தின ஷாட்ல எந்தத் தோள்ல கெடந்துச்சு?”

“வலது தோள்” என்றாள். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

அவர் சால்வையோடு நடிகையிடம் நடந்தார்.

“இருப்பா” என்றார் இயக்குநர்.

அவர் சாட்சியின் பக்கம் திரும்பாமல் போனை எடுத்து எடிட்டரை அழைத்தார். “நாப்பத்தொண்ணாவது சீனைப் போடு. கடைசியா எடுத்த ஷாட். சால்வை எந்தத் தோள்ல கெடக்குன்னு பார்த்துச் சொல்லு.”

எல்லாரும் காத்திருந்தார்கள். தூணோரம் நடிகை காத்திருந்தாள். தச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். சாட்சி நோட்டை மூடவும் தோன்றாமல் திறக்கவும் தோன்றாமல் நின்றாள். பதினொரு வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை வேறொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது இதுதான் முதல் தடவை.

“வலதா? சரி, வச்சிடு” என்று இயக்குநர் போனை வைத்தார். “வலதுதான். போடுப்பா.”

துணை இயக்குநர் சால்வையை நடிகையின் வலது தோளில் போட்டார். கீழ்நுனியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“நுனி முன்னாடி வரணுமா, பின்னாடியா?” என்று கேட்டார். அவர் கேட்டது இயக்குநரை.