எட்டுப் போல்டும் ராகு காலமும்

லண்டன் எட்மண்டனில் தில்லையம்பலத்தின் கராஜ் பலகையில் அடுத்து யார் பெயர் ஏறப்போகிறது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். “புதுப் பலகையில உன்ர பேரும் இருக்கும், றஜீவன்” என்று தன் மெக்கானிக்கிடம் பதினொரு வருடமாக அவரே சொல்லிவந்தார். பலகைதான் மாறவில்லை. றஜீவனின் மனைவி சிவரூபினியோ கோயிலில் கண்ட பெண்களிடமெல்லாம் தன் புருஷனைக் கராஜின் பங்காளியாக்கியே விட்டிருந்தாள்.

டிசம்பரில் ஒரு வெள்ளைக்காரர் ட்ரெயிலரில் ஸ்னோமொபைலைக் கொண்டுவந்து இறக்கினார். வருடாவருடம் நோர்வேப் பனியில் ஓட்டுகிறவராம். லண்டனில் இப்படியொரு வண்டியா என்று பார்க்கப் பக்கத்து மீன்கடைக்காரர் கத்தியும் கையுமாக ஓடிவந்தார். சங்கிலி ஓடும் பெட்டியான செயின்கேஸ் வெடித்து எண்ணெய் ஒழுகியது. முன்பு யாரோ ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கித் தள்ளிய வேலை.

“இதைத் திறமாச் செய்து குடு. தை பிறக்கப் பலகை மாறும்” என்றார் தில்லையம்பலம்.

றஜீவன் பழைய பெட்டியைக் கழற்றினான். சங்கிலியையும் பற்சக்கரங்களையும் புதியதில் ஏற்றி, எண்ணெய் கசியாமல் கஸ்கெட் வைத்து மூடினான். எட்டுப் போல்ட், எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை இரண்டு சுற்று முடிந்திருந்தது. அப்போதுதான் தில்லையம்பலம் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணக் கலண்டரைப் பார்த்தார்.

“பத்தரைக்கு ராகு காலமடா! வண்டித் திறப்பைக் குடுத்து ஆளை அனுப்பு. இந்த இறுக்கம் காணும்.”

“காணாது அண்ணை. பனிக்குள்ள விட்டு வெடிச்சா அந்த மனுசன் எங்க போறது?”

“ராகு காலத்தில செய்தது நிக்குமோ?”

“ரென்சுக்கு ராகுவைத் தெரியாது, அண்ணை.”

வாசலில் நின்ற மீன்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தார். தில்லையம்பலம் சிரிக்கவில்லை. றஜீவன் கடைசிச் சுற்றையும் இறுக்கி, எண்ணெய் ஊற்றி, பத்து ஐம்பதுக்குக் கை துடைத்தான்.

தை பிறந்தது. நோர்வேயிலிருந்து ஒரு படம் வந்தது: வண்டி பனிமேல் நிற்க, ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. கராஜுக்குப் பலகையும் வந்தது: ‘தில்லை அன்ட் முகுந்த்’. முகுந்த் தில்லையம்பலத்தின் மருமகன், தன் கார் டயர் காற்றுப் போனாலும் ஆள் கூப்பிடுகிறவன்.

“நீ ராகு காலத்தில வேலை முடிச்சனி. உன்னைச் சேர்த்தா ஆகாதாம்” என்றார் தில்லையம்பலம், பலகையைத் தடவியபடி.

அன்று பின்னேரம் சிவரூபினி போனைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “இஞ்சரப்பா, அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு! இஞ்ச மாரியில வெளிக்கிறதே எட்டு மணிக்கு. அண்டைக்கு லண்டன் ராகு காலம் பதினொண்டு ஆகேக்கதான் தொடங்கினது. நீங்கள் முதலே முடிச்சிட்டியள்!”

மறுநாள் றஜீவன் அந்தப் போனை நீட்டினான். தில்லையம்பலம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார்.

“ஓம், சரிதான். ஆனா பலகை நவம்பரிலயே அடிக்கக் குடுத்தாச்சே.”

நாக்கு நழுவியது அவருக்கே தெரிந்தது. ஸ்னோமொபைல் வந்ததே டிசம்பரில்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முகுந்துக்கு ஏணியில ஏற ஏலாது” என்றார் கடைசியில். “நீ பூட்டினாத்தான் காத்துக்கு நிக்கும்.”

றஜீவன் ஏறினான். நாலு மூலையையும் எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கினான். பலகை இன்றுவரை அசையவில்லை. சிவரூபினிதான் இப்போது கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போகிறாள்.