எடைக் குறைப்பு

ஒரு காரிலிருந்து எதையெல்லாம் கழற்றலாம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் டெட்ராய்ட்டில் எவனும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். அறுபத்து நான்கில் எங்கள் கம்பெனி, கால் மைல் நேர்ப் பந்தயத்துக்கென்றே ஆலையில் ஒரு கார் கட்டியது. காசு இருக்கிற எவனும் ஷோரூமில் வாங்கிக்கொள்ளலாம். விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் அந்தக் கார் செப்டம்பர் பந்தயத்தில் ஜெயித்துக் காட்ட வேண்டும். ஓட்டப்போகிறவன் காஸிமிர் டூடெக், அதாவது நான்.

குளிர்காலம் முழுக்கச் சோதனை ஓட்டம் ஓட்டி விறைத்தவனும் நான்தான். ஏனென்றால் ஹீட்டர் வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று சொன்னதே நான். பின் சீட், ரேடியோ எல்லாம் போயின. முன் மட்கார்டை அலுமினியத்தில் அடித்தார்கள், கையை ஊன்றினால் பள்ளம் விழும். கண்ணாடியைக்கூட விட்டுவைக்கவில்லை, மெலிதாக்கினார்கள். என்ஜினியர் ஹார்லன் ப்ரூயிட் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பிறகு ஒருநாள் அவர் கண் என் வயிற்றில் வந்து நின்றது.

"தப்பா எடுத்துக்காதே காஸ். இந்த வண்டியில இன்னும் கழட்டாத பெரிய சாமான் நீ ஒருத்தன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்று முதல் எனக்கு முட்டைக்கோசு சூப்தான். என் மனைவி வாண்டா சாசேஜ் வறுத்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. காரோட்டப் போகிறாயா, கல்லறைக்குப் போகிறாயா என்று அவள் கத்தினாள். அந்த டிரைவர் சீட்டுக்காக அதையும் கேட்டுக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ப்ரூயிட் சாவியை மெர்ல் கான்ட்ஸ் என்கிற வேறொரு டிரைவரிடம் கொடுத்தார். ஊதினால் பறக்கிற ஆள். அந்தக் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். ஏறின ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அதுதான். கூட வந்து ரிப்பேர் வேலை பார் என்றார்கள். மானங்கெட்டவன், போனேன்.

மைதானத்தில் ஆளோடு சேர்த்து காரை எடை போட்டார்கள். அந்தப் பிரிவுக்கு விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடைகூட இல்லை, ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ப்ரூயிட்டின் முகம் மாறவே இல்லை. லாரியிலிருந்து ஈயக் கட்டிகளை இறக்கச் சொல்லி, டிக்கியில் போல்ட் போட்டு முடுக்கும்படி என்னிடமே ஸ்பானரை நீட்டினார். நான் மெர்லைவிட எவ்வளவு கனமோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஈயம்.

"இதுக்கு நானே உக்காந்திருப்பேனே?" என்றேன்.

"நீ உக்கார்ற இடத்துல பாரம் வீண் காஸ். டிக்கியில இருந்தாத்தான் பின் டயர் தரையைக் கவ்வும். உன்னைத் தூக்கி டிக்கியிலயா வைக்க முடியும்?"

அந்த ஆள் கேலி பண்ணவில்லை. கணக்குச் சொன்னார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

போல்ட்டுகளை ஒழுங்காகத்தான் முடுக்கினேன். ஒன்றைத் தளர்த்தி விட்டிருக்கலாம், மனசு வரவில்லை. கார் ஜெயித்தது. அந்த ஈயம்கூட அதில் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.